ஊரெல்லாம் பாடிய என் ஒப்பாரி

என் கணவர் பாட்டுக் கட்டுகிறவர். தொழில் என்று கேட்டால் துறைமுகத்தில் மூட்டை தூக்குவது. அந்தக் காலத்தில் கப்பல் தூத்துக்குடிக் கரைக்கு வராது; ஆழம் போதாமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தத் தோணிகளுக்குச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிப்போவார். வில்லுப்பாட்டு வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து வீசுகோலால் ஒரு தட்டுத் தட்டினார் என்றால், காலையில் அவரோடு மூட்டை சுமந்தவர்களே அவரை 'அண்ணாச்சி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

யுத்தம் நடந்த வருஷங்களில் அரிசிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை என்று நின்றோம். அதை அவர் கும்மிப் பாட்டாகக் கட்டினார். வரிசையில் நின்ற பெண்களே அதைப் பாடிச் சிரித்தார்கள். யுத்தம் முடிந்ததும் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாமி கதையைப் பாடுகிற வில்லில் நம்முடைய கதையையும் பாடுங்கள் என்று கேட்டார்கள். அவர் கங்காணியைக் கேலி செய்து பாடினார், எடை போடுகிறவனைக் கேலி செய்து பாடினார். கூட்டம் கைதட்டும், மறுநாள் அதே கங்காணிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. "ஏளா, எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருதாவ. சிரிச்சா மனசு ஆறிப்போவுது" என்பார்.

நான் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள். நாங்கள் அதைப் பனையோலைப் பெட்டியில் சுமந்துபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவோம். பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் வழியும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மரம் என்று ஒன்று கிடையாது. கைப்பிள்ளைக்காரிகள் வரப்பு ஓரமாக நாலு கம்பை ஊன்றி, மேலே ஓலையைச் செருகி, அதற்குக் கீழே பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சுமக்கப் போவார்கள். என் மகளையும் அப்படித்தான் கிடத்தினேன். அவள் எங்களுக்கு முதல் பிள்ளை. இன்னும் உட்காரப் பழகவில்லை. தலை நிறைய முடி. யார் தூக்கினாலும் அவர்கள் காதைப் பிடித்துக்கொள்வாள்.

அது வைகாசி. காலையிலேயே காற்று அனலாக வீசியது. கங்காணி அன்று வேகம் வேகம் என்று நின்றான். அம்பாரத்தைச் சீக்கிரம் கட்டி முடிக்க வேண்டும், லாரி வருகிறது என்றான். மகள் அழுவது எனக்குக் கேட்டது. மார்பில் பால் ஊறி ரவிக்கை நனைந்துவிட்டது. பெட்டியை இறக்கிவிட்டு அவனிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, பிள்ள அழுதா. பால் குடுத்துட்டு ஓடி வந்துருதேன்."

"இந்த மேடு முடியட்டும். ஒருத்தி போனா எல்லாரும் போவிய" என்றான்.

அவன் கத்தவில்லை, திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நானும் சாதாரணமாகத் திரும்பிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. மேடு முடிந்து நான் ஓடிப் பார்த்தபோது காற்றில் ஓலை நகர்ந்து விழுந்துகிடந்தது. வெயில் நேராக அவள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கினேன். உடம்பு கொதித்தது. அவள் கை என் காதைத் தேடவில்லை.

கைப்பிள்ளைக்குப் பதினாறு கிடையாது, காரியம் கிடையாது. அன்றைக்குப் பொழுது சாயும் முன்பே புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவ அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். அவள் மீன் விற்பாள். பால் கட்டி மார்பு கல்லாகி எனக்குக் காய்ச்சல் கண்டபோது, அந்த அக்காதான் எங்கிருந்தோ மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவது வழக்கம். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. அந்த மணத்தில்தான் எனக்கு ஒப்பாரி வந்தது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஒப்பாரியைக் கற்றுக்கொள்வதில்லை. சாவு நடந்த துட்டி வீடுகளில் கேட்டுக் கேட்டு அது உள்ளே கிடக்கும். எனக்கும் கிடந்திருக்கிறது. அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடினேன்.

*ஓலை நெழலுலதான் ஒன்னை*
*ஒறங்கப் போட்டு வந்தேனே*
*ஓலை நகண்டதையும் ஒன்*
*ஒடம்பு கொதிச்சதையும்*
*உப்புச் சொமந்த தாயி*
*ஓடி வந்து பாக்கலியே*

என் கணவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. மகளைக் குழியில் இறக்கியபோதும் அழவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் அவர் வில்லைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், நான் சுவரோரம் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ அழுத பாட்டைச் சங்கத்துக் கூட்டத்தில் பாடலாமா என்று கேட்டார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு அழுகை வரல. பாட்டுதான் வந்துது" என்றேன்.

"ஏளா, எனக்கு வேற எப்படி அழணும்னு தெரியல" என்றார்.

சரி, பாடுங்கள் என்றேன். ஒன்றை மட்டும் கேட்டேன். மகள் பெயரை எடுத்துவிட வேண்டும். அது வீட்டுக்குள் இருக்கட்டும் என்றேன். சரி என்றார். பெயர் வந்த இடத்தில் 'பெத்த மகளே' என்று போட்டார். என் வரிகளுக்குக் கீழே அவருடைய வரிகளைச் சேர்த்தார்.

*மாடி வீடு கேக்கலியே*
*மஞ்சம் மெத்தை கேக்கலியே*
*தொட்டில் கட்ட ஒரு கூரை*
*தொரைமாரே கேக்கோமே*

அந்தப் பாட்டை அவர் வில்லில் பாடிய கூட்டத்துக்கு நான் போகவில்லை. போய்வந்த அக்கா சொன்னாள். உடுக்கு வேண்டாம், குடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீசுகோலை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு ஒப்பாரி ராகத்திலேயே பாடினாராம். யாரும் கைதட்டவில்லையாம். உப்பளத்துப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்களாம். அவர்களில் பலருக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. வரப்பில் கிடத்திப் பேதியில் போனது, நண்டு கடித்துச் சீழ் வைத்துப் போனது, காரணமே தெரியாமல் போனது. அதையெல்லாம் அவர்கள் அதுவரை தலையெழுத்து என்றுதான் வைத்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. அளத்தில் பெட்டி சுமக்கிறவர்கள் பாடினார்கள். அக்கா மீன் கூடையோடு தெருத் தெருவாகக் கொண்டுபோனாள். அவள் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் தோணியை இழுக்கும்போது, 'ஏலேலோ' சேர்த்து அதையே கடல்காரர்களின் அம்பாப் பாட்டாகப் பாடினார்கள். சந்தைக்கு வந்தவர்கள் வழியாகக் குலசேகரன்பட்டினம் வரை போனதாகச் சொன்னார்கள். போகப் போக 'பெத்த மகளே' என்பது 'நம்ம மகளே' என்று ஆனது. அதை யார் மாற்றினார்கள் என்று என் கணவருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை உப்பளத்துப் பெண்கள் பெட்டியைத் தூக்க மறுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கூரை வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறவளைத் தடுக்கக் கூடாது என்று கேட்டார்கள். ஆண்களும் கூலியைக் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். முதலாளி பக்கம் அசையவில்லை. போலீஸ் வந்து சங்கத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது. என் கணவரையும் வில்லோடு பிடித்துப்போனார்கள். அந்தப் பாட்டைக் கூட்டம் சேர்ந்து பாடக் கூடாது, மீறினால் உள்ளே தள்ளுவோம் என்று தெருவில் சொல்லிப் போனார்கள்.

அக்கா என்னிடம் வந்தாள். "ஏளா, பாட்டுதான பாடக் கூடாது? அழக் கூடாதுன்னு சொல்லலியே" என்றாள்.

மறுநாள் பெண்கள் தலையை விரித்துப்போட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி உப்பளச் சாலையில் நடந்தார்கள். அன்றைக்கு நானும் போனேன். பாதி வழியில் போலீஸ்காரர் ஒருவர் தடியைக் குறுக்கே நீட்டி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். முன்னால் போன நான்தான் பதில் சொன்னேன்.

"துட்டிக்குப் போறோம் ஐயா."

"யாரு செத்துப்போனா?"

"எம் மவ" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தடியை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். உப்பளத்து வாசலில் வட்டமாக உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே ஒப்பாரியாக அழுதோம். போலீஸ் சுற்றி நின்றது. அழுகிறவர்களை எந்தக் குற்றத்துக்குப் பிடிப்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். உள்ளே வெள்ளையாக உப்பு கரையிலேயே கிடந்தது. வானத்தில் மேகம் வேறு கட்டத் தொடங்கியது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்துபோகும். கடைசியில் முதலாளி பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து கூரை போட்டுத் தருகிறோம், பானையில் தண்ணீர் வைக்கிறோம், பால் கொடுக்க விடுகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். கூலியைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்கள். இதுவாவது கிடைத்ததே என்று பெண்கள் பெட்டியை எடுத்தார்கள்.

எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வேறொன்று நடந்திருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது மகளை நினைத்து அழலாம் என்று வாயெடுத்தால், அந்த வாசலும் கூட்டமும் போலீசும்தான் முன்னால் வந்து நின்றன. என் வாயில் வருவது எல்லோரும் பாடிய பாட்டாக இருந்தது. அவள் எல்லோருக்கும் மகளாகிவிட்டாள். எனக்கென்று அவளை நினைத்து அழ ஒரு சொல் மிஞ்சவில்லை.

என் கணவர் சில மாதம் கழித்து வெளியே வந்தார். நெஞ்சில் சளி கட்டி, மூட்டை தூக்க முடியாத உடம்போடு வந்தார். கூரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல உயரமாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். இனி அந்தப் பாட்டை நீங்கள் பாட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். விளாத்திகுளம், சாத்தான்குளம் என்று பல ஊர்ச் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். போய் வேறு பாட்டுகள் பாடினார். எந்த ஊரிலும் கடைசியில் கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்கும். அவர் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாராம். கூட்டமே பாடி முடிக்குமாம்.

சுதந்திரம் வந்தபின் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை அந்தக் கூரைக்குக் கீழே தொட்டிலில் போட்டுவிட்டு நான் திரும்பவும் உப்புச் சுமந்தேன். ஒருநாள் பால் கொடுக்கப் போனபோது, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் பக்கத்துத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாடியது என் ஒப்பாரி. ராகத்தை இழுக்காமல், தொட்டிலின் ஆட்டத்துக்கு ஏற்றாற்போல் தாலாட்டாகப் பாடினாள். அவள் பிள்ளை கண் சொருகிக் கிடந்தது. இந்தப் பாட்டு எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் பாடுவாவ மதினி. இதப் பாடுனாத்தான் இவ ஒறங்குதா" என்றாள்.

மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் சோறு போடும்போது அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப இருந்தா ஓடித் திரிவா, என்ன" என்றார்.

"தல பின்னி விட்டுருப்பேன். அவ்வளவு முடி இருந்துச்சுல்லா" என்றேன்.

அவள் போனபின் நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பாட்டைப் பற்றிப் பேசவில்லை; சங்கத்தைப் பற்றியும் பேசவில்லை. அவள் குப்புற விழப் பழகியது, உப்பு வாசத்துக்குத் தும்மியது, அக்கா வீட்டுப் பூனையைக் கண்டு சிரித்தது என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, அவர் மறந்ததை நான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் உடைந்தது. நான் மகனை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கு வைக்கக்கூட எழுந்திருக்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.