இரும்பில் பொறித்த எண்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தராசு பழுது பார்ப்பது தொழில். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'தராசு'தான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார். மளிகைக் கடை, இறைச்சிக் கடை, பழைய பேப்பர் கடை என்று ஒரு மரப்பெட்டி நிறைய எடைக்கற்களைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குவார். கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். கல்லை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். சுமந்து சுமந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கே ஒரு பெருமூச்சு தேவைப்படும்.

அவருக்கு ஒரே மகள். பளு தூக்குகிறவள். 'அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, இதுவும் சுமக்குது' என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அவள் பயிற்சி எடுத்த ஜிம், வாடகை கட்டுப்படியாகாமல் ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அவளுக்கோ குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் ஜிம்மைப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெரிய அணிக்கு ஆள் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, பெட்டி அடுக்க வேண்டாம். அவள் வயதுக்கு இதுதான் கடைசி வருடம்.

கோச் கறாரான பெண். போனிலேயே சொல்லிவிட்டாள். "எண்பது கிலோ தலைக்கு மேல போச்சுன்னா சொல்லு, பேரை அனுப்பறேன். போகலைன்னா அதையும் சொல்லிடு. நான் வந்து பார்க்க மாட்டேன். உன் வாய் வார்த்தை போதும்."

ஆக, வீட்டிலேயே ஒரு ஜிம் வைப்பதென்று முடிவானது. பின்பக்கத்து ஷெட்டை ஒழித்தோம். பொருள் வாங்குவது தராசின் பொறுப்பு. கூடவே இழுபட்டது என் தலையெழுத்து.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு. எல்லாம் பளபளவென்று இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த மச்சான், சூடு பட்டதைப் போல விரலை எடுத்துவிட்டார். வெளியே வந்து, "இவ்வளவு குடுத்து வாங்கினா, அதைத் தூக்கறதுக்கு வீட்ல யாரும் சாப்பிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

அடுத்த கடையில் மலிவாக பிளாஸ்டிக் உறை போட்ட தட்டுகள் இருந்தன. மச்சான் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"சிமெண்ட்டுதான் சார்."

"நாலு தடவை கீழ போட்டா?"

"ஏன் சார் கீழ போடறீங்க? மெதுவா வைங்க."

அக்கா மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "தலைக்கு மேல இருந்து எப்படிண்ணே மெதுவா வைக்கிறது? கீழ போடறதுதான் எங்க வேலையே."

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எனக்கு இரும்பு என்றாலே கொட்டாவி வந்தது. கடைசியில் வழி சொன்னது அவள்தான். முழுக்க ரப்பர் தட்டு வேண்டாம், அகலமான ரப்பர் தட்டு ஒரே ஒரு ஜோடி போதும் என்றாள். கீழே விழும்போது அதுதான் முதலில் தரையைத் தொடும். மற்றதெல்லாம் சின்ன இரும்புத் தட்டாக இருந்தால் அவை தரையில் படவே படாது. ரப்பர் ஜோடியும் கம்பியும் ஜிம்மிலேயே பழசாகக் கிடைத்தன. தரைக்கு அவள் வேலை பார்த்த கிடங்கில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தோம். இரும்புத் தட்டுகள் மட்டும் பாக்கி. ஒரு பழைய இரும்புக் கடையின் குவியலில் அவை துருப்பிடித்துக் கிடந்தன. மச்சான் கம்பி பிரஷ்ஷால் ஒன்றைத் தேய்த்தார். எண் தெரிந்தது. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"பாரு மாப்ள, பெயிண்ட்ல எழுதினது இல்ல. வார்ப்புலயே இருக்கு."

"எதுக்கும் ஒரு எடை போட்டுப் பார்த்துடலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கல்லைப் போய் யாராவது எடை போடுவாங்களா? கல்லை வெச்சுத்தான்டா தராசையே பார்க்கணும்."

அவர் தொழில் அப்படி. ஊரில் உள்ள தராசு அத்தனையும் அவருக்குத் திருடன். எண் பொறித்த இரும்பு மட்டும் சாமி. அதைச் சந்தேகப்பட்டால் அப்புறம் எதை நம்பித் தொழில் செய்வது? நானும் வாயை மூடிக்கொண்டேன். களைப்பாக இருந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஷெட்டில் தடால், தடால் என்று சத்தம். அக்கா காதைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். பெட்டி அடுக்கிவிட்டு வந்த பெண், வந்த கையோடு மறுபடி சுமந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. சாப்பிடும்போதே தூங்கி வழிவாள். பார்க்கிற எங்களுக்கே உடம்பு வலித்தது. எடை மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற மறுத்தது.

பேர் அனுப்புவதற்குக் கெடு முடிகிற அன்று நாங்கள் மூன்று பேரும் ஷெட் வாசலில் நின்றோம். எழுபத்தைந்தைத் தூக்கினாள். கம்பி தோளுக்கு வந்தது, அங்கிருந்து தலைக்கு மேலே போனது, கை ஆடாமல் நின்றது. கீழே போட்டாள்.

"இன்னும் அஞ்சுதான்" என்றார் மச்சான்.

தட்டை மாட்டினார்கள். எண்பது தோள் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் போகவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடியும் போகவில்லை. கம்பியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சரி, எழுந்து வா, சாப்பாடு ஆறுது" என்றாள் அக்கா.

அவள் அங்கேயே உட்கார்ந்து கோச்சுக்குப் போன் போட்டாள். "போகலைக்கா" என்றாள். வேறு ஒரு பெண்ணின் பெயர் போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு பொய் சொல்லியிருந்தா குடியா முழுகிடும்? அங்க போய்ப் பார்த்துக்கறது!"

"அங்க போய் கம்பிகிட்டயும் பொய் சொல்ல முடியுமா மாமா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஷெட்டில் சத்தமும் நின்றது. தடால் சத்தம் இல்லாத வீடு எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அணிக்கு ஆள் எடுத்து முடிந்த பிறகு ஒரு நாள், தீவனக் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று வந்தது. கால் உடைந்திருந்தது. மச்சான் அதை ஒட்டவைத்தார். பிறகு எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடைக்கல் பெட்டி வாசலில் வண்டியிலேயே இருந்தது. முழங்கால் வலி. "அந்த ஷெட்ல சும்மா கிடக்கற தட்டுங்களை எடுத்துட்டு வா மாப்ள" என்றார்.

வைத்தோம். தராசு அதிகமாகக் காட்டியது. "பார்த்தியா, கால் மட்டும்தான் போச்சுன்னான். பொய்" என்று சொல்லிவிட்டு, தராசைப் பிரித்துத் திருகித் திருகி, தட்டில் இருந்த எண்ணும் முள்ளும் ஒத்துப்போகிற வரைக்கும் சரிசெய்தார்.

மறுநாள் தராசை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தீவனக் கடைக்காரர் கத்திய கத்தலில் நாலு கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கட்டுப் பிரிக்காத மூட்டை அந்தத் தராசில் எடை குறைகிறது என்றார். மச்சான் தன் பெட்டியைத் திறந்து கற்களை வைத்தார். அதுவும் குறைந்தது. பேய் அறைந்தவர் போல அங்கேயே நின்றார். பிறகு தராசைப் பழையபடி திருத்தி, அதே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒன்றுகூட அதன் எண்ணோடு நிற்கவில்லை, எல்லாமே கூடுதல். கம்பியோடும் ரப்பர் ஜோடியோடும் சேர்த்துக் கூட்டினால், அன்று எழுபத்தைந்து என்று அவள் தூக்கி நிறுத்தியது எண்பதுக்கு மேல்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு. தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

நானும் அதையேதான் சொன்னேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம் என்றேன். மச்சான் தலையை ஆட்டினார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தோம்.

அவள் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட உட்கார்ந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அந்தத் தட்டுங்க எல்லாம் எடை கூடம்மா. நான் நிறுத்துப் பார்க்கலை. ஊர்ல உள்ள தராசையெல்லாம் பார்க்கறவன், இதைப் பார்க்கலை."

அவள் கை சோற்றிலேயே நின்றது. "எவ்வளவு கூட?"

சொன்னார். அவள் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. கத்துவாள், தட்டைத் தூக்கி எறிவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எறிந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட ஏங்கினேன்.

"அப்போ அன்னைக்குத் தூக்கிட்டேனா?"

"தூக்கிட்டேம்மா."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"மூணு பேரும் அங்கதான நின்னீங்க? ஒருத்தராவது கை தட்டியிருக்கலாம்ப்பா" என்றாள்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா மகள் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.