டிரைவர் சீட்டில் சம்மணம்

ஆடு குறுக்கே வந்ததும் இசக்கியம்மாள் பிரேக்கை மிதித்தார். பிரேக் அங்கே இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது குருவிகுளம் மினிபஸ்ஸின் ஜன்னலோர சீட். டிரைவர் தாவீதுக்கு இது பழகிப்போன சங்கதி. "யக்கா, எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. கொஞ்சம் நம்புங்க" என்பார். "நீ உன்னத மிதி, நான் என்னத மிதிக்கேன்" என்று பதில் வரும்.

அவர் வேலை பார்க்கும் ஒன்றிய அலுவலகத்திலும் அந்தக் காலுக்கு ஓய்வு கிடையாது. மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். எதிர் மேசை டீ டம்ளர் வரை அதிர்வு போகும். வீட்டில் குழம்பு கொதிப்பதற்குள் வாசலுக்கு நாலு நடை நடந்துவிடுவார். சீரியல் பார்ப்பதுகூட நின்றுகொண்டுதான். விளம்பரம் வந்தால் மாடிக்கு ஓடி வற்றலைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவார். சும்மா உட்காரச் சொல்வதைவிட அவருக்குப் பெரிய தண்டனை ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் அவருடைய கணவர் பொன்னுச்சாமி, தன் சொந்தப் பஸ்ஸுக்குப் பிரேக் சரிசெய்யும்போது டிரைவர் சீட்டில் உட்கார வைக்கிறார். அந்தப் பஸ் எண்பத்து மூன்றாம் வருடத்து வண்டி. ராஜபாளையம் ரோட்டில் அதைப் பல வருடம் ஓட்டியவர் அவர். முதலாளி கழித்துவிட்டபோது மனசு கேட்காமல் தானே வாங்கி, சங்கரன்கோவில் வீட்டுக்குப் பக்கத்து மனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "நான் கேட்டது கிரைண்டர். வந்தது பஸ்" என்று இசக்கியம்மாள் இன்றைக்கும் குத்திக்காட்டுவார்.

அது காற்றில் பிடிக்கும் பிரேக். என்ஜினை ஓடவிட்டு, டேங்கில் காற்று நிரம்பியதும் அணைத்து, சாவியை உருவி இசக்கியம்மாள் முந்தானையில் முடிந்துவிடுவார் பொன்னுச்சாமி. முன் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்து, ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் அடியில் நுழைவார். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். விட்ட பிறகு அவர் ஸ்பேனரை மாட்டி, பிரேக் கட்டை டிரம்மைத் தொடும்வரை முறுக்கி, அரைச் சுற்று தளர்த்துவார். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் போச்சு. என்ஜின் ஓடாவிட்டாலும் டேங்கில் காற்று இருக்கிறதே! சக்கரத்துக்குப் பின்னால் இரும்புத் தண்டு பாய்ந்து வரும். அங்கே விரல் இருந்தால் விரல் மிஞ்சாது.

போன ஆடி மாதம் அவர் சொல்வதற்கு முன்பே இசக்கியம்மாளின் கால் இறங்கிவிட்டது. ஸ்பேனர் தெறித்துப் போய் விழுந்தது. வியர்வையைத் துடைக்க அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தார் மனிதர். அன்றைக்கு இசக்கியம்மாள் சாப்பிடவில்லை. மறுதடவையிலிருந்து "விடு" என்றதும் இரண்டு காலையும் சீட்டுமேல் ஏற்றிச் சம்மணம் போட்டுக்கொள்கிறார். "காலு மேலயா?" என்று கீழிருந்து கேட்பார். "மேலதான்" என்று இவர் சொன்ன பிறகுதான் அவர் கை உள்ளே போகும்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கியம்மாளின் அண்ணன் மகள் மாலாவுக்குக் கல்யாணம். வாசுதேவநல்லூருக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக இந்தப் பஸ்தான். சனிக்கிழமை காலை மூன்று சக்கரம் முடிந்துவிட்டது. பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் மல்லுக்கு நின்றது.

"காலு மேலயா?"

"மேலதான்."

ஸ்பேனர் கிர்ரென்று அரைத்தது, நின்றது. இசக்கியம்மாள் ஸ்டியரிங்கைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். வலது முழங்கால் தானாகத் துள்ள ஆரம்பித்தது. ரெண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பொன்னுச்சாமியின் சித்தப்பா மகன் மாரிராஜ் பஸ்ஸை அலங்கரிக்கக் கலர் பேப்பரும் கையுமாக அதற்குப் பின்னால் வந்து நின்றான். "மதினி, சிவப்பு லைட் எரியுதான்னு பாக்கேன். ஒரு மிதி மிதிங்க!"

மிதி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் வலது கால் சீட்டைவிட்டு இறங்கிவிட்டது.

"ஏங்க?" என்றார் இசக்கியம்மாள். பதில் இல்லை. "ஏங்க, மிதிக்கவா?"

"மிதிங்க மதினி, நேரமாவுது!"

பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்ற காலைக் கணுக்காலில் பிடித்து மேலே இழுத்தார். மடக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "வாய மூடு மாரி! உங்க அண்ணன் அடியில கெடக்காக!"

மாரிராஜ் கையிலிருந்த கலர் பேப்பர் கீழே விழுந்தது. ஸ்பேனர் மறுபடி மெதுவாக அரைக்கும் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் அப்படியே அசையாமல் இருந்தார். அலுவலகத்து ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஜன்னலுக்கு வெளியே கிரீஸ் அப்பிய இரண்டு கைகள் உயர்ந்தன. கூடவே, வாயில் டார்ச் லைட்டைக் கடித்துக்கொண்டு பொன்னுச்சாமி.

"அந்தச் சனியன வாயில வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்? உசுரே போயிட்டு எனக்கு!" இசக்கியம்மாளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பொன்னுச்சாமி டார்ச்சை எடுத்தார். "இனி கை உள்ள போவாது. தண்டு எம்புட்டு வருதுன்னு தள்ளி நின்னு பாக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

"மிதி இசக்கி!"

கால் வரவில்லை. மரத்துப்போயிருந்தது.

"ஏட்டி, மிதி!"

இசக்கியம்மாள் குனிந்து, இரண்டு கையாலும் தன் வலது காலைத் தூக்கிப் பெடல்மேல் வைத்து, முழங்காலைப் பிடித்து அமுக்கினார்.