இரண்டு தடவை எண்ணப்பட்ட நாலு ஜிபி

கிடங்கில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். லாரியிலிருந்து இறங்கும் மருந்துப் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பது அவள் வேலை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் எண்ணியதும் அதன் மூலையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரிக்காரன், முன்வாசலில் எண்ணி முடித்த ஆறு பெட்டிகளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து மறுபடியும் எண்ண வைத்துவிட்டான். குறைந்த ஆறுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று கைப்பைக்குள் போன சாக்குக்கட்டி இன்றுவரை வெளியே குடிபோகவில்லை.

தங்கை கணினியில் கட்டடம் வரைகிறவள். "என் தங்கச்சி வரைஞ்ச மாடிப்படியில கால் வெச்சு ஏறலாம்போல இருக்கும்" என்று அக்கா கிடங்கில் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. அந்தத் தங்கைக்கு இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை கூடி வந்திருந்தது. திங்கட்கிழமை சொந்த லேப்டாப்போடு வர வேண்டும், அதில் கிராஃபிக்ஸுக்கென்று நாலு ஜிபி தனி மெமரி இருக்க வேண்டும், அவர்கள் கண்ணெதிரே ஒரு கட்டடத்தைத் திறந்து சுழற்றிக் காட்ட வேண்டும். திணறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

லேப்டாப் வாங்கியாயிற்று. ஏழு நாளைக்குள் என்றால் மாற்றித் தருவார்கள். ஆறாம் நாள், சனிக்கிழமை காலை, தங்கை தன் கட்டடத்தைத் திறந்து சுழற்றினாள். சுவர் திரும்பியது. ஜன்னல்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தன.

"புதுசுதானே அக்கா, பழகினா சரியாயிடும்."

"பழகறதுக்கு அது என்ன செருப்பா? அந்த மெஷின் தன்னைப் பத்திச் சொல்ற பக்கத்தைத் திற."

திறந்ததை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். மெமரி பதினாறு. பயன்படுத்தக் கிடைப்பது பதினொன்று புள்ளி எட்டு. கிராஃபிக்ஸ் நாலு.

"நாலு ஜிபிக்கு மேல காணோம்டி. கடைக்காரன் கழட்டிட்டான்."

"அக்கா, ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் லாரிக்காரன் இல்ல."

"இல்லன்னு எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன். கிளம்பு."

கடையில் விற்பனையாளர் கதை கேட்டு, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"யாரும் எதையும் கழட்டலை மேடம். அந்த நாலு உள்ளதான் இருக்கு. கிராஃபிக்ஸுக்குன்னு எடுத்து ஒதுக்கி வெச்சிருக்கோம். படம் காட்ட மெமரி வேணும்ல?"

அக்காவுக்குக் காது சூடானது. தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வாசல் வரை வந்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடியை உள்ளே வைக்கப் பைக்குள் கைவிட்டபோது விரலில் சாக்குக்கட்டி தட்டுப்பட்டது. அப்படியே திரும்பினாள்.

"தம்பி, அந்த நாலு இந்தப் பதினாறுக்குள்ள இருக்கற நாலா?"

"அதைத்தானே மேடம் இவ்வளவு நேரம் சொல்றேன்!"

நுணலும் தன் வாயால் கெடும். அக்கா பில்லை எடுத்து மேஜைமேல் விரித்தாள். வாங்கிய அன்று அவரையே கைப்பட எழுத வைத்திருந்தாள்: மெமரி 16, கிராஃபிக்ஸ் தனி 4.

"ரெண்டும் சேர்ந்தா இருபது வரணும். இங்க மொத்தமே பதினாறு. ஒரே நாலை முன்வாசல்ல ஒரு தடவை, பின்வாசல்ல ஒரு தடவை எண்ணிக் காட்டிட்டீங்க."

"ஸ்கிரீன்லயே நாலுன்னு காட்டுதே..."

"அவனும் பெட்டியக் காட்டத்தான் செஞ்சான்."

எவன் என்று விற்பனையாளருக்கு விளங்கவில்லை. பின்னால் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார்.

"அவங்க சொல்றது சரிதாங்க. இதுல கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. பொது மெமரியில நாலை அதுக்குப் பிரிச்சு விட்டிருக்கு. தனின்னா, அதுக்குன்னே வேகமான மெமரி சில்லு பக்கத்துலயே இருக்கணும்."

விற்பனையாளர் பில்லைப் பார்த்தார். அது அவர் கையெழுத்துதான். பில்லில் எழுதியபடியே வேறொரு லேப்டாப் அலமாரியிலிருந்து இறங்கியது.

அக்கா உட்கார்ந்தாள். மெமரி பதினாறு, கிடைப்பது பதினைந்து புள்ளி ஏழு, கிராஃபிக்ஸ் தனியாக நாலு.

"இந்தத் துளி எங்க போச்சு?"

"அது மெஷின் தன் வேலைக்கு எடுத்துக்கறது. எல்லாத்துலயும் இருக்கும்," என்றார் மெக்கானிக். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "இன்னொண்ணு. ரொம்பப் பெரிய கட்டடமா இருந்து தனி மெமரி நிறைஞ்சிட்டா, இதுவும் பொதுவுல கொஞ்சம் கை நீட்டும். அப்போ வேகம் குறையும்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன் சரக்கின் குறையைத் தானே சொன்ன ஆளை அவள் கிடங்கில்கூடக் கண்டதில்லை. நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

தங்கை கட்டடத்தைச் சுழற்றினாள். சுவரும் ஜன்னலும் கைகோத்துத் திரும்பின. மூன்று சுற்று ஆன பிறகுதான் அக்கா எழுந்தாள். பெட்டியின் மூலையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

திங்கட்கிழமை மதியம், லாரி பாதி இறங்கியிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, திணறவே இல்ல! வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க!"

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். எண்ணிய பெட்டிக்கு ஒரு கோடு போட்டாள்.

"சொன்னாங்க சரி. எழுத்துல குடுத்தாங்களா?"