மெம்பர் மறந்து வைத்த குடை

நீலத் துணியில் மஞ்சள் பூப்போட்ட குடை அது. ஒரு கம்பி வளைந்திருக்கும், பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் அது ஐந்து வருடம் தொங்கியது. திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்த நான், நகரத்துக்கு வெளியே காயலோரத்தில் இருந்த ஒரு பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக வேலை பார்த்த காலம். காயலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் வார்டு மெம்பர்தான் குடைக்குச் சொந்தக்காரர். ஆபீசுக்கு எப்போது வந்தாலும் குடையை அந்தக் கம்பியில் மாட்டுவார். போகும்போது மறந்துவிடுவார். "மெம்பரே, குடை!" என்று நான் கத்தினால் படியில் நின்றபடியே, "இருக்கட்டும் சாரே, மறுபடி வரணும்லா?" என்பார். வானம் கிழிந்து ஊற்றினாலும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்.

மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. ஃபைல் என்னாச்சு என்று தினமும் கேட்டு வருகிற மெம்பரிடம், "நேத்துதானே வந்தீங்க" என்று நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். குடையை எடுக்க வந்தவரிடம் என்ன சொல்ல முடியும்? குடையைக் கையில் எடுத்துக்கொண்டே, "நம்ம ஃபைலு எந்த மேசையில இருக்கு?" என்று ஒரு பார்வை பார்ப்பார். நான் அப்படியொன்றும் சுறுசுறுப்பான கிளார்க் இல்லை. ஆனாலும் அந்தக் குடை தொங்கும்போது சும்மா உட்கார எனக்கே கூச்சமாக இருக்கும்.

நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகித் தீவுக்கு வந்தவர் அவர். முப்பது வருடத் தீவு வாழ்க்கையில் மலையாளம் நாக்கில் ஏறிவிட்டது, தமிழும் இறங்கவில்லை. எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்றார். சின்னம் குடை. வாக்குப்பதிவு அன்று நல்ல மழை. சின்னத்தோடு பூத்துக்குள் வரக்கூடாது என்று போலீஸ்காரர் தடுத்துவிட, குடையைத் தூரத்தில் ஒரு தென்னையில் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டே வரிசையில் நின்றிருக்கிறார். அந்தக் கோலத்தைப் பார்த்தே பத்து ஓட்டு கூடுதலாக விழுந்தது என்று தோற்றவர்கள் பின்னால் புலம்பினார்கள்.

அந்தத் தீவின் அரசியலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வீடு, மூன்று கட்சி, மூன்று கொடிமரம், கரைக்குப் போய்வர ஒரே வள்ளம். ஒருமுறை கிராம சபைக் கூட்டத்தில் ஒரு கட்சிக்காரர்கள் கோஷம் போட்டு வெளிநடப்புச் செய்தார்கள். கரையில் இருந்த தங்கள் கட்சி ஆபீசுக்குப் போய் அறிக்கை விட வேண்டுமாம். படித்துறைக்குப் போனால் வள்ளம் அக்கரையில் நிற்கிறது. வெயிலில் கால்மணி நேரம் நின்றார்கள். மெம்பர் ஆளனுப்பி, "வள்ளம் வர்ற வரைக்கும் வந்து சாயா குடிச்சிட்டுப் போங்க. வெளிநடப்பை நான் கணக்குல வச்சிக்கிடுதேன்" என்று சொல்ல வைத்தார். வந்தார்கள், பருப்புவடையும் தின்றார்கள், அந்தக் கையோடு அடுத்த தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையும் தூக்கினார்கள்.

அந்த ஒரே வள்ளத்துக்குத்தான் ஒரு வருடம் கேடு வந்தது. அடிப்பலகை உளுத்துவிட்டது, ஓட்டக்கூடாது என்று பரிசோதிக்க வந்தவர்கள் எழுதிவைத்து, பழுதுபார்க்கும் இடத்துக்கு இழுத்துப்போய்விட்டார்கள். தீவில் பள்ளிக்கூடம் கிடையாது. பதினொரு பிள்ளைகள் மீன்பிடிக்கிற ஒரு சின்னத் தோணியில் அக்கரைக்குப் போனார்கள். உள்ளே ஊறும் தண்ணீரைப் பெயின்ட் டப்பாவால் கோரிக்கொண்டே போக வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது மழையும் தொடங்கிவிடும். அதற்குள் வள்ளம் வேண்டும் என்று மெம்பர் மேலாபீசுக்கு எழுதினார், நடந்தார், குடையை இன்னும் பல இடங்களில் மறந்து வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேலாபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே நேரத்தில் மெம்பரின் போனும் வந்தது.

"சாரே, வள்ளம் காரியம் வல்லதும் ஆச்சா? ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"மறுபடி வந்திருக்கு மெம்பரே. திங்கக்கிழமை வந்து வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மெம்பர் வந்தார். கூடவே வள்ளக்காரரும், வள்ளம் தள்ளுகிற, ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஒரு கழியும். கழி வாசலில் நுழையாமல் அதைச் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். நான் கடிதத்தை நீட்டினேன். மெம்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடுதாசில்லா சாரே? வள்ளம் எங்க?"

மலையாளத்தில் மறுபடி என்றால் பதில். ஆபீசில் இருந்து இருந்து என் தமிழிலும் அதுவே பதிலாகிவிட்டது. மெம்பருக்கோ போன வள்ளம் மறுபடியும் வந்துவிட்டது என்று காதில் விழுந்திருக்கிறது.

"முப்பது வருசமா மலையாளம் பேசுதீங்க, மறுபடின்னா என்னன்னு தெரியாதா?" என்றேன்.

"நீங்க தமிழ்லயில்லா சொன்னீங்க? மலையாளத்துல சொல்லியிருந்தா எனக்கு மனசிலாயிருக்கும்."

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். கடிதத்தில் இருந்தது ஒரே வரி, விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. வாசித்துச் சொன்னேன். மெம்பர் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம் தொறக்க இனி ஒம்பது நாளு. பிள்ளைகள்ட்ட நான் வாக்கு சொல்லிட்டேன் சாரே" என்றார். வள்ளக்காரர் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு வெட்கம் அந்த ஆபீசில் நான் வேறு எந்த நாளும் பட்டதில்லை.

ஆனால் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் தீவில் வேறொன்று நடந்திருந்தது. வள்ளம் வருகிறது என்று மெம்பர் சொன்னதும் படித்துறையில் மூன்று ஃபிளெக்ஸ் முளைத்துவிட்டன. ஆளும் கட்சி பஞ்சாயத்துத் தலைவருக்கு நன்றி சொன்னது. எதிர்க்கட்சி தங்கள் போராட்டம் வென்றது என்றது. மூன்றாவது கட்சி தில்லியில் இருக்கிற தலைவருக்கே வாழ்த்துச் சொல்லியிருந்தது. மூன்றிலும் ஒரே வள்ளத்தின் படம்.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில், அடுத்த வருடத் திட்டத்தில் பார்க்கலாம் என்று பஞ்சாயத்துத் தலைவர் இழுத்தார். மெம்பர் எழுந்து தன் போனை மேசையைச் சுற்றி அனுப்பினார். மூன்று ஃபிளெக்ஸின் படமும் அதில் இருந்தது.

"மூணு கட்சியும் வள்ளம் வாங்கியாச்சுன்னு எழுதி வச்சிருக்கு. நான் கட்சி இல்லாதவ, உங்க எழுத்தை நம்பி வந்திருக்கேன். வள்ளம் ஃபிளெக்ஸுல வந்தாச்சு. இனி காயல் வெள்ளத்துல வந்தா போதும்."

யார் எதிர்க்க முடியும்? எதிர்க்கிறவர் முதலில் தன் ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டும். புது வள்ளம் வாங்குவது, அது வரும்வரை ஒரு நல்ல வள்ளத்தை வாடகைக்கு எடுப்பது என்று தீர்மானமாயிற்று. 'ஏகமனதாக' என்ற சொல்லை அந்த ஆபீசில் நான் எழுதிய நாட்கள் மிகக் குறைவு. அந்த ஃபைலை ஒரு மேசையிலும் உறங்க விடாமல் நானே கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பள்ளி திறந்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் படித்துறையில் போய் நின்றேன். சாரல் மழை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட பதினொரு பிள்ளைகளும் இறங்கிய பிறகு கடைசியாக மெம்பர் இறங்கினார், தெப்பமாக நனைந்து. குடை என் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கியிருந்த அந்த வார்டு பொது வார்டாக மாறியது. மூன்று கட்சிகளும் மூன்று ஆண்களை நிறுத்தின. மெம்பர் நிற்கவில்லை. "வள்ளம் ஓடுதுல்லா" என்று மட்டும் சொன்னார். கடைசி நாள் வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, ஜன்னல் கம்பியிலிருந்து குடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு போனார். அன்று மறக்கவில்லை. எத்தனையோ அதிகாரிகள் மாறிப் போவதைப் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

இப்போது ஓய்வு பெற்று வலியசாலையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது, போன வாரம் பக்கத்து வீட்டு மாமி அதில் கால் இடறி விழுந்தார். மனு எழுதிக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். நான் எத்தனையோ பேரிடம் காட்டிய அதே முகத்தை அவர் எனக்குக் காட்டினார். மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்து, என் கறுப்புக் குடையை அவருடைய ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நடந்தேன்.

"சாரே, குட!" என்று கூப்பிட்டார்.

"இருக்கட்டும் தம்பி, மறுபடி வரணும்லா?"

"வரும் சாரே" என்றார் அவர் மலையாளத்தில். "மறுபடி உடனே வரும்."

வெளியே நல்ல மழை. தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.