ஊற்றுக்கண்ணில் எழுந்த ஓசை

குளிர் இறங்கியதும் தேவாலய மணியின் நாக்கில் சாக்குத்துணி சுற்றிவிடுவார்கள். நாய்களை மலைமேல் இருக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கு ஓட்டிவிடுவார்கள். ஸ்காதர் ஏரியின் பாறை அடிவாரத்து ஊற்றுக்கண்ணில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். விரல் நீள உக்லேவா மீன்கள் குளிருக்கு அங்கே வந்து அடையும்; சத்தம் கேட்டால் கலைந்துவிடும். வலை இறக்கும் நாள் வரை ஊரே கிசுகிசுத்துப் பேசும்.

அந்த ஊரில் பிறந்த ஸ்தானா நகரத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து, ஊற்றின் ஓரத்தில் கைவலையால் ஒரு பிடி மீன் எடுத்துச் செதில்களைப் பார்ப்பாள். மரத்தைப்போல மீன் செதிலிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். முன்பெல்லாம் ஐந்து வளையம் வரை பார்த்திருக்கிறாள். அன்று உருப்பெருக்கியின் கீழ் வந்த செதில்களில் பெரும்பாலும் ஒற்றை வளையம். சந்தேகப்பட்டு இன்னொரு பிடி எடுத்து வந்தாள். அதுவும் அப்படித்தான். விடிந்தால் வலை இறக்கும் நாள்.

சித்தப்பா கிர்ஸ்தோவின் அடுப்படிக்குப் போனாள். ஊற்றுக்கண்ணுக்கு அவர்தான் காவல். பக்கத்து வீட்டு ரதோயேயும் அங்கே இருந்தார்.

"நாளைக்கு வலை விடாதீங்க சித்தப்பா."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். உள்ள இருக்கிறதெல்லாம் ஒரு வயசுக் குஞ்சு. ஒரு தடவைகூட முட்டை விடல. இதையும் அள்ளிட்டா அடுத்த குளிருக்கு வர்றதுக்கு மீனே இருக்காது."

ரதோயே கோப்பையை வைத்தார். "மீனுக்கு வயசு பாத்தவ, உன் வயசையும் கொஞ்சம் பாத்திருந்தா இந்நேரம் மடியில புள்ள இருந்திருக்கும்."

"இருந்திருந்தா அதுக்கும் மீன் வேணுமே மாமா."

கிர்ஸ்தோ சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். ரதோயே சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா வலை பாதிதான் வருது. புகை போட்டு விக்க மீனில்லாம என் மவன் ஜெர்மனிக்குப் பொட்டி கட்டிட்டான். இந்தத் தடவையும் இல்லன்னா மருமவளும் கெளம்பிடுவா. அப்புறம் காலி வீட்டுக்கா நான் காவல் இருக்கிறது?"

"தடை ஆணை இருக்கா?" என்றார் கிர்ஸ்தோ.

"எழுதிப் போட்டா வர ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் கழிச்சு வந்தா தாராளமா மதிக்கிறேன்." களியைக் கிளறிக்கொண்டே சொன்னார். "படகுல உங்கப்பன் எடம் சும்மாதான் கெடக்கு. காலையில வந்து உக்காரு. வாயைத் தொறக்கக் கூடாது."

அவள் வாயைத் திறக்கவில்லை.

விடியற்காலையில் இரண்டு படகுகள் வலையைச் சுமந்துகொண்டு ஊற்றை நெருங்கின. துடுப்புகளுக்குத் துணி சுற்றியிருந்தது. கிர்ஸ்தோ கையை உயர்த்தினால் நிறுத்தவேண்டும், இறக்கினால் வலையை விடவேண்டும். ஸ்தானா அப்பாவின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கீழே மீன்கூட்டம் கருத்த மேகம்போலத் திரண்டு கிடந்தது. கலைத்தால் அத்தனையும் குளிர்ந்த ஏரிக்குள் ஓடும். வெளியே நீர்க்காகங்கள் காத்திருந்தன. எத்தனை திரும்பி வரும், எத்தனை சாகும் என்பது அவளுக்குத் தெரியாது. எந்தச் செதிலும் அதைச் சொல்லாது. வலைக்குள் போனால் ஒன்றும் மிஞ்சாது என்பது மட்டும் தெரியும்.

கிர்ஸ்தோவின் கை உயர்ந்தது.

படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் தகரக் குவளை அவள் காலடியில் கிடந்தது. அவள் அதை எடுத்துப் படகின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். பாறை அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. மறுபடி அடித்தாள். மறுபடியும். தண்ணீருக்குள் வெள்ளி பளீரென்று புரண்டது. பிறகு ஊற்றின் அடித்தரை தெரிந்தது.

கிர்ஸ்தோ குவளையைப் பிடுங்கினார்.

"என்னடி பண்ணிட்ட," என்றார், கிசுகிசுப்பாக.

"பாவி. ஊர் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே," என்றார் அடுத்த படகிலிருந்த ரதோயே. அவரும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். கலைந்தோட மீன் மிச்சமில்லை. ஆனாலும் அந்த இடத்தில் குரல் உயர்த்த அவர்களுக்கு வரவில்லை. கரை சேரும்வரை அத்தனை பேரும் அவளை அடிக்குரலிலேயே திட்டினார்கள். உரக்கத் திட்டியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது என்று பின்னாளில் அவள் சொல்வாள்.

ஒரு வாரத்தில், சில ஆண்டுகளுக்கான தடை ஆணை வந்தது. மீன்கூட்டத்தில் பாதிபோல் திரும்பி வந்தது. ஊற்றுக்கு யாரும் வலை கொண்டுபோகவில்லை. படகில் அவள் அப்பாவின் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ரதோயேவின் மருமகள் போய்விட்டாள். ஸ்தானா வந்தால் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் ஒவ்வொரு குளிருக்கும் வந்தாள், ஒரு பிடி எடுத்தாள், பார்த்துவிட்டுப் போனாள்.

தடை நீங்கும் முன் ஒருநாள், அவள் ஊரில் தங்கியிருந்தபோது, கிர்ஸ்தோ அவள் கதவைத் தட்டினார். கையில் ஒற்றை மீன், ஈரத்துணியில்.

"இதுக்கு என்ன வயசு?"

பார்த்தாள். "மூணு."

"முட்டை விட்டிருக்குமா?"

"விட்டிருக்கும் சித்தப்பா."

அவர் தலையசைத்துவிட்டு மீனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை அவள் வந்தபோது பலகை பழைய இடத்தில் ஆணியடிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆண்டுகள் சில கழிந்து, இந்த ஜனவரியில் ஸ்தானா இறந்தாள். உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது ஊற்றுக்கண் நிறைந்திருந்தது. வலை இன்னும் இறங்கவில்லை. இறந்தவர்களுக்கு மணி அடிப்பது வழக்கம். பாதிரியார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு கிர்ஸ்தோவைப் பார்த்தார்.

"வேண்டாம் சாமி," என்றார் கிர்ஸ்தோ. "மீன் உள்ள இருக்கு. அடிச்சா அவளே எந்திரிச்சு வந்து திட்டுவா."

ஜெபங்களைக் கிசுகிசுத்தே சொல்லி அடக்கம் செய்தார்கள். உறைந்த மண் பெட்டிமேல் விழுந்து சத்தம் வராதபடி, ரதோயே குழிக்குள் குனிந்து ஒவ்வொரு பிடியாகக் கையால் இட்டார்.