முகாமில் அடுப்பு எரியாத காலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியார் என்னைப் பற்றிச் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். மேச்சேரிப் பக்கம் பிறந்து, நாமக்கல் பைபாஸில் லாரிக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் நான். மேம்பாலம் வந்து கடை போனதும், சேலத்துக்குக் கிழக்கே ஒரு முகாமில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள், போனேன்.

விசா முடிந்து மாட்டியவர்கள், பாஸ்போர்ட் இல்லாதவர்கள், வழக்கு முடிந்தும் ஊருக்கு அனுப்பத் தூதரகத்தில் இருந்து பதில் வராதவர்கள் என்று வெளிநாட்டுக்காரர்களை வைத்திருக்கும் இடம் அது. இது ஜெயில் இல்லை என்று முகாம் அதிகாரி அடிக்கடி சொல்வார். பூட்டு மட்டும் வெளிப்பக்கம் இருக்கிறதே என்று நான் சொல்வேன். மனிதர் ஆத்தூர்க்காரர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் வந்த பிறகு அந்தக் கண்ணாடி என்றும் பளபளவென்றுதான் இருந்தது.

உள்ளே ஒரு நாள் என்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஆள் எண்ணுவார்கள். பிறகு டீ. பிறகு குழாயடியில் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, வேப்பமர நிழல் நகர நகர இவர்களும் நகர்ந்து உட்காருவார்கள். மத்தியானம் சோறு, சாயங்காலம் போன் பேசும் நேரம். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான், பதில் வந்ததா? வரவில்லை என்று சொல்லிச் சொல்லிக் காவலர்களுக்கே வாய் வலித்தது. உப்புமா போட்ட அன்றைக்கு மட்டும் எல்லா நாட்டுக்காரர்களும் ஒற்றுமையாகி என்னைத் திட்டுவார்கள்.

சமையலறையில் எனக்கு உதவிக்கு வங்கதேசத்துக்காரர் ஒருவர் வருவார். நூல் மில்லில் வேலை பார்த்தவர், வெங்காயம் உரிப்பதில் சூரர். ஆனால் சாம்பாரைக் கண்டால் முகம் சுளிப்பார். மீன் இல்லாத ஊரில் பிறந்தது என் குற்றம் என்பதுபோல் பார்ப்பார்.

இன்னொருவர் நைஜீரியாக்காரர். நல்ல உயரம், நிலைப்படியில் குனிந்துதான் வருவார். திருப்பூரில் பனியன் வாங்கி ஊருக்கு அனுப்பும் வியாபாரம் செய்து, விசா முடிந்ததைக் கவனிக்காமல் இருந்து பிடிபட்டவர். திருப்பூரில் தமிழ் கற்றதால் எல்லாருக்கும் ‘ங்க’ போடுவார். சமையலறைக்கு வரும் பூனையைக்கூட, “அந்தப் பக்கம் போங்க, பால் உங்களுக்கு இல்லீங்க” என்றுதான் விரட்டுவார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. குழம்பில் காரம் போதாது என்று குறை சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

ஒருநாள் காலையில் நான் கேட்டில் நுழையும்போதே காவலர் சொன்னார், “அக்கா, நம்ம உசரக்காரரோட அம்மா நேத்து தவறிட்டாங்களாமுங்க. போன் வந்துச்சு. மனுசன் அழுகவும் இல்ல, பேசவும் இல்ல. செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கறாரு.”

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். வங்கதேசத்துக்காரர் பாலை அடுப்பில் ஏற்றியிருந்தார். என் கை தானாகப் போய் அந்த அடுப்பை அணைத்தது. இட்லிக் குண்டானின் அடியில் எரிந்ததையும் அணைத்தேன். துக்க வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். இதை யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். எங்கள் ஊரில் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை.

டீ வரவில்லை என்றதும் வராந்தாவில் சத்தம் கிளம்பியது. அதிகாரி வந்தார்.

“என்னம்மா இது? அடுப்ப ஏன் அணைச்ச?”

“சாவு ஊட்டுல அடுப்பெரியலாமுங்களா?”

“யார் வீடும்மா இது? அரசாங்க முகாம். அவங்க அம்மா செத்தது எங்கயோ.”

“அவருக்கு இப்ப வேற ஊடு எங்கீங்க இருக்குது? படுக்கறது இங்க, உங்கறது இங்க. அப்ப இதுதானுங்களே ஊடு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். “அப்போ அத்தன பேரும் பட்டினியா?” என்று கேட்டார். அத்தனை பேர் வயிற்றை நான் நினைக்கவே இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போனவர். வடக்கே பெயர் வாயில் நுழையாத ஒரு ஊரில் நெஞ்சு வலித்து விழுந்தவர் எழவே இல்லை. உடலை ஊருக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸ் கிடைக்கும்வரை அந்த ஊர் ஜனங்கள், பாஷை தெரியாத ரிக் பையன்களுக்கு வேளை தவறாமல் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அந்தப் பையன்கள் வந்து சொன்னபோது நான் அழுதது வீட்டுக்காரருக்காக மட்டுமில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்களை இன்றும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறேன். அதை அதிகாரியிடம் சொல்லத் தோன்றவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அந்த அம்மா ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. துக்கம் என்று சொன்னது போதுமாக இருந்தது. தன் கடை இட்லியோடு, பின்னால் இருக்கும் தறிக்கார வீடுகளிலும் சொல்லி, ஒரு வீட்டில் உப்புமா, ஒரு வீட்டில் தக்காளிச் சோறு என்று எல்லாரும் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று காவலர் மறித்தார். அதிகாரியும் வந்து நின்றார்.

“யார் வீட்டுச் சாப்பாடு இது?”

“பக்கத்து ஊடுங்க,” என்றார் டீக்கடை அம்மா. “எதுத்தாப்புலதானுங்களே இருக்கறோம். கேட்டு சாத்தியிருந்தா பக்கத்து ஊடு இல்லைன்னு ஆயிருமுங்களா?”

அதிகாரி பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தானே எடுத்துத் தின்றார். ரொம்ப நேரம் மென்றார். “எனக்கு ஒண்ணும் ஆகல. உள்ள கொண்டு போங்க,” என்றார். அந்த மனிதரை நான் எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தட்டை எடுத்துக்கொண்டு உயரக்காரரிடம் போனேன். அவர் திரும்பவில்லை. “ஒரு வாய் உங்குங்க சாமி,” என்றேன்.

“பசி இல்லீங்க அக்கா.”

“இது நான் ஆக்குனது இல்லீங்க. உங்க ஊட்டுல இன்னைக்கு அடுப்பெரியல. பக்கத்து ஊட்டுக்காரங்க கொண்டாந்துருக்கறாங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். வராந்தாவைப் பார்த்தார். தறிக்கார வீட்டுப் பெண்கள் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். உப்புமாவை ஒருவரும் குறை சொல்லவில்லை. “என் ஊடா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவ்வளவுதான், அந்த மலை மாதிரி மனிதர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே இரண்டு இட்லி சாப்பிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார், “அடுப்பு எப்ப வரைக்கும் எரியாதுங்க அக்கா?”

“அம்மாவ எடுக்கற வரைக்குமுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், கதவருகே நின்ற அதிகாரியைப் பார்த்தார். “எங்க ஊர்ல அப்படி உடனே எடுக்க மாட்டாங்க அக்கா. ஆஸ்பத்திரில குளுகுளு ரூம்ல வச்சு, சொந்தமெல்லாம் வந்த பொறவுதான். ஒரு மாசம், ரெண்டு மாசம்கூட ஆகுமுங்க.”

எனக்குப் பகீரென்றது. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டார். உயரக்காரரும் ஈரக் கண்ணோடு சிரித்தார். “நீங்க பத்த வைங்க அக்கா. எங்கம்மா யாரையும் பசியோட விடமாட்டாங்க,” என்றார். மத்தியானம் அடுப்பு எரிந்தது.

ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு விஷயம் இருந்ததைச் சாயங்காலம்தான் புரிந்துகொண்டேன். அவர் மூத்த மகன். அவர் வந்து மண் போடத்தான் அம்மாவை வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் காலாவதி ஆகிவிட்டதால், தூதரகத்தில் இருந்து பயணச் சான்று வந்தால்தான் அவர் போக முடியும். வாரா வாரம் அவருடைய தங்கை போனில் கேட்பார், எப்போது வருகிறாய் என்று. ஒருநாள், பெரியவர்கள் அடக்கத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், இனித் தள்ள மாட்டார்கள் என்றார். அதன் பிறகு முகாமில் பதில் வந்ததா என்று யாரும் தன் பதிலைக் கேட்கவில்லை. எல்லாரும் அவர் பதிலையே கேட்டார்கள்.

அதிகாரி தினமும் போனில் கத்துவார். கடைசியில் லீவு போட்டுவிட்டுத் தானே தூதரகத்துக்குப் புறப்பட்டுப் போனார். நான் மோகனூர் முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டேன். வங்கதேசத்துக்காரர் தன் தொழுகையில் சேர்த்துக்கொண்டார். எந்தச் சாமி காதில் விழுந்ததோ தெரியாது, குறித்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரி சான்றோடு வந்து சேர்ந்தார். கண்ணாடி தூசியடைந்து கிடந்தது.

புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், காரம் தூக்கலாக. கேட்டில் நின்று, “போயிட்டு வாரேனுங்க அக்கா,” என்றார். “இங்க மட்டும் வந்துறாதீங்க சாமி, நானே தொரத்திப்போடுவேன்,” என்றார் காவலர். எல்லாரும் சிரித்தோம். வண்டி போன பிறகு சிரிக்க முடியவில்லை.

அடக்கத்தன்று வாட்ஸப்பில் அவரிடம் இருந்து வீடியோ கால் வந்தது. சமையலறையில் எல்லாரும் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒரே நிறத்துணியில் அவர் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். அவர் கூட்டத்தைத் தாண்டிப் பின்பக்கம் நடந்து, ஒரு சமையல்கட்டுக்குள் போனார். மூன்று கல் அடுப்பு. சாம்பல் அள்ளிச் சுத்தமாக இருந்தது.

“எங்கம்மா அடுப்புங்க அக்கா. அம்மாவ வெளிய எடுக்கற வரைக்கும் பத்த வெக்கக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் என்னய பைத்தியம்னாங்க.”

“அப்ப சோறுங்க?” என்று கேட்டேன்.

அவர் போனைத் திருப்பினார். வாசல் வழியாகப் பெண்கள் தலையில் பாத்திரங்களோடு வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“பக்கத்து ஊடுங்க,” என்றார். பிறகு அவர் முகம் திரையில் வந்தது. “சரியாப் பண்ணியிருக்கேனுங்களா அக்கா?”

வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள், ஒரு சொல் வராமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.