ஊழியர் பட்டியலில் இல்லாத சவுரிராயன்

கூட்டேரிப்பட்டு தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் இருதயமேரி. காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இரண்டாயிரத்து நான்கில் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. தினம் நாலாயிரம் குப்பைக் கடிதங்கள்: லாட்டரி, மருந்து, பணம் தருவதாக எழுதும் முகம் தெரியாத இளவரசர்கள். உண்மையான கடிதங்கள் அதில் மூழ்கிப்போயின.

"மாசக் கடைசிக்குள்ள இந்தக் குப்பை நிக்கலைன்னா சர்வரும் வேணாம், அதுக்கு ஆளும் வேணாம்" என்றார் தாளாளர்.

காரணம் வெளியில் இல்லை. கல்லூரியின் இணையப் பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையில் உறவுக்காரர்களைப் போடுவதுபோல, முதல்வர் தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லாருடைய மெயில் முகவரியும் இருந்தது. ஒருவரை விட்டாலும் சண்டை. இணையப் பக்கங்களை மேய்ந்து குப்பை அனுப்ப முகவரி பொறுக்கும் கணினி நிரல்களுக்கோ அழைப்பே தேவையில்லை.

மேரி பக்கத்திலிருந்து முகவரிகளை எடுத்துவிட்டாள். மறுநாளே மெக்கானிகல் துறைத் தலைவர் தென்னரசு வந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டாளுங்களை நெட் சென்டருக்கு இட்டுக்கினு போய்க் காட்டுறேன், வெறும் பேருதான் இருக்குது. மானமே போச்சு!"

"திருடனுங்க பொறுக்கிக்கினு போறானுங்க சார். வாட்ச்மேனுதையும் எடுத்துட்டேன்."

"அவனும் நானும் ஒண்ணாம்மா?"

விதிகளால் ஆகாததை மேரி மரியாதையால் செய்தாள். எல்லா முகவரிகளையும் படங்களாக மாற்றி மீண்டும் போட்டாள். மனிதர்கள் படிக்கலாம், நிரல்களுக்குத் தெரியாது. அடியில், படமாக்காமல், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், நிரல்கள் மட்டுமே படிக்கும்படி சவுரிராயன் என்று ஒரு முகவரி. அப்படி ஓர் ஊழியரே கிடையாது. அவருக்கு எழுதுகிறவன் பக்கத்தை மேய்ந்த திருடனாகத்தான் இருக்க வேண்டும். அவன் கணினி மறுமுறை தட்டினால் சர்வர் கதவைத் திறக்காது.

நாலாம் நாள் சவுரிராயனுக்கு முதல் லாட்டரி விழுந்தது. பிறகு மழைதான். வேலைக்கே வராத அந்த மனிதர்போல் உழைத்தவர் கல்லூரியில் வேறு யாருமில்லை.

மாதக் கடைசியில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, இன்னிக்கு எட்டே லெட்டர்தான் வந்திருக்குது. சர்வர் நின்னுபோச்சா?"

"ஓடிக்கினுதாங்க இருக்குது. குப்பையைத் தள்ளிட்டா உங்களுக்கு வந்ததே எட்டுதாங்க."

அவர் முகம் சற்று வாடியது. இத்தனை நாளும் தன்னை உலகமே தேடுவதாக நினைத்திருந்தார் போலும். கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்னைக் கம்பெனி ஒன்று மாணவர்களை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது.

"திங்கக்கெழமை விழுப்புரம் போ. அங்க இருக்குற நம்ம பாலிடெக்னிக் சர்வரையும் நீயே பாத்துக்கோ" என்றார்.